தொண்டையில் குழாய் இறக்கும் அந்த ஒரு நிமிடம்

ஆபரேஷனுக்கு முந்தின நாள், மயக்க மருந்து டாக்டர் கட்டிலருகே வந்து நாலு கேள்வி கேட்பார். "வீட்டுல யாருக்காவது மயக்கத்துல தொந்தரவு வந்திருக்கா?" என்பது அதில் ஒன்று. நம்மவர்களில் பலர் "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். யோசித்துச் சொல்ல வேண்டிய பதில் அது. சித்த வைத்தியனுக்கு இதில் என்ன வேலை என்கிறீர்களா? ஆபரேஷனுக்குத் தேதி குறித்ததும் "பண்ணிக்கலாமா ஐயா?" என்று என்னிடமும்தானே வந்து கேட்கிறார்கள்!

முழு மயக்கம் கொடுக்கும்போது பெரும்பாலும் மூச்சுக்குழலில் ஒரு குழாயை இறக்கி, அதன் வழியே ஆக்ஸிஜன் செலுத்துவார்கள். தொண்டைத் தசை இறுக்கமாக இருந்தால் குழாய் சுலபமாக இறங்காது. தாமதமானால் வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும். அதனால்தான் தூக்க மருந்தோடு தசையைத் துவளச் செய்யும் ஊசியும் போடுகிறார்கள்.

இந்த மருந்துகளுக்கெல்லாம் மூதாதை, தென் அமெரிக்க வேடர்கள் அம்பு நுனியில் தடவிய குராரே விஷம். அதற்குப் பயன்பட்ட செடிகளில் ஒன்று நம்ம எட்டி மரத்துக்கும் தேற்றான்கொட்டைக்கும் உறவு! எட்டி விஷம் தசையை வெட்டி இழுக்கும். குராரே துவளச் செய்யும். 1942-ல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் டாக்டர் ஹெரால்ட் கிரிஃபித் அதை மயக்கத்தோடு சேர்த்துக் கொடுத்துக் காட்டிய பிறகுதான் ஆபரேஷன் அறையில் அதற்கு இடம் கிடைத்தது.

இன்று அவசரமாகக் குழாய் இறக்க முக்கியமாக இரண்டு மருந்துகள். 1951-லிருந்து புழக்கத்தில் உள்ள சக்சினைல்கோலின் ஒரு நிமிடத்தில் வேலை செய்யும். 5 முதல் 10 நிமிடத்தில் தெளிந்துவிடும். மறுநாள் சிலருக்கு உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல வலிக்கும். அது போகட்டும். பெரிய தீக்காயம் பட்டோ, முதுகுத்தண்டு அடிபட்டோ சில நாள் ஆனவர்களுக்கு இது ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றி இதயத்தையே நிறுத்திவிடலாம்.

இன்னொன்று ரோகுரோனியம். 1994-ல் வந்தது. இரட்டிப்பு அளவில் கொடுத்தால் இதுவும் ஒரு நிமிடத்தில் பிடிக்கும். ஆனால் தெளிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 50 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2015 காக்ரேன் ஆய்வில், குழாய் இறக்கும் வசதியில் சக்சினைல்கோலின்தான் மேல். ரோகுரோனியத்தை இரட்டிப்பாகக் கொடுத்தால் வித்தியாசம் தெரியவில்லை. அதை முறிக்க சுகாமடெக்ஸ் என்ற ஊசி இருக்கிறது, விலைதான் அதிகம். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு அந்த ஊசி போட்டால், அடுத்த 7 நாள் வேறு பாதுகாப்பும் வேண்டும்.

சரி, குடும்பக் கதையை ஏன் கேட்கிறார்கள்? சக்சினைல்கோலினைக் கரைப்பது கல்லீரல் சுரக்கும் ஒரு நொதி. பெயர் சூடோகோலினெஸ்டிரேஸ். பிறவியிலேயே அது இல்லாதவர்களுக்குப் பத்து நிமிட மருந்து மணிக்கணக்கில் நிற்கும்; மூச்சுத் தசையும் அசையாது. அதுவரை செயற்கை சுவாசமும் தூக்க மருந்தும் தொடர்ந்தால் நல்லபடியாக எழுந்துவிடுவார்.

தென்னிந்தியாவில் ஆரிய வைசிய சமூகத்தில் இந்தக் குறை மற்றவர்களைவிட அதிகம். பல தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே சம்பந்தம் செய்துகொண்டதன் விளைவு. யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2006-ல் கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளிநாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து வெளியிட்டார்கள். மற்றவர்களுக்கும் இது வரலாம். மாமன் மகள், அத்தை மகன் என்று நெருங்கிய உறவில் முடித்த குடும்பங்களில் வாய்ப்பு கூடும்.

"பெரியப்பாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன் அப்ப நாலு மணி நேரம் மூச்சே திரும்பலியாம்" என்று வீட்டில் பேச்சு இருந்தால், அதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். நொதியின் அளவை ஒரு ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம். குறைவு என்றால் ரோகுரோனியம் போடுவார்கள். அந்த ரிப்போர்ட்டை வீட்டு ஃபைலில் வையுங்கள். கூடப் பிறந்தவர்களுக்கும் சோதித்துவிடுங்கள்.