பனிமலையில் ஒரு சுளுக்கு

அமெரிக்காவின் ராக்கி மலைப் பகுதியில் அக்டோபர் பிறந்துவிட்டால் பல குடும்பங்கள் காட்டுக்குக் கிளம்பிவிடும். கொலராடோ, வயோமிங், மொன்டானா மாநிலங்களில் அது எல்க் வேட்டைக் காலம். எல்க் என்பது நம் கடமானுக்குத் தூரத்து உறவு. வளர்ந்த ஆண் மான் 300 கிலோவைத் தாண்டும். (ஐரோப்பாவில் எல்க் என்றால் மூஸ் என்ற வேறு விலங்கு. அந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே சிலர் வாப்பிட்டி என்ற பூர்வகுடிப் பெயரைச் சொல்கிறார்கள்.) அப்பா, பிள்ளைகள், சில வீடுகளில் தாத்தா, சித்தப்பா என்று மூன்று தலைமுறையும் ஒரே கூடாரத்தில் தங்குவது அங்கே வழக்கம். இப்படிப் போகும் பயணங்களில் சில ஒரே விதமாகக் குலைகின்றன. ஒருவருக்குக் கால் பிசகுகிறது. அன்றைக்கே பனியும் கொட்டுகிறது. இருட்டுவதற்குள் வண்டிக்கு வந்து சேர முடியாமல் போகிறது. பழி பனியின் மேல் விழும். ஆனால் மலையில் பனியும் சுளுக்கும் எதிர்பார்த்தே போக வேண்டியவை. எப்போது திரும்புவது என்பதை மலைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைப்பதுதான் அந்த இரண்டையும் உயிராபத்தாக்குகிறது என்பது என் கருத்து. அந்த முடிவு கிளம்புவதற்கு முன்பே, வீட்டில் உட்கார்ந்து எடுக்கப்பட வேண்டியது.

ஒரு சுளுக்கு எப்படி உயிருக்கு வினையாகிறது என்பதை முதலில் பார்க்கலாம். ஊரில் கால் பிசகினால் தைலம் தடவிக்கொண்டு இரண்டு நாள் படுத்திருப்போம். மலையில் உடம்பைச் சூடாக வைத்திருப்பதே நடைதான். ஏறி இறங்கும் தசைகள் ஓர் அடுப்பைப் போல வெப்பம் தந்துகொண்டிருக்கும். கால் நின்றால் அடுப்பும் அணைகிறது. ஏறும்போது வேர்த்து நனைந்த உள்ளாடை அப்போது எதிரியாக மாறுகிறது. நீர், காற்றைவிட 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். பருத்தி கொல்லும் என்று அந்த ஊர் மலையேறிகள் சொல்வது இதனால்தான்: ஈரத்தை உறிஞ்சிக்கொண்ட பருத்தித் துணி லேசில் உலராது. இதோடு காற்றும் சேர்ந்தால் உறையும் நிலையை ஒட்டிய குளிர்கூட, மணிக்கு 48 கிலோமீட்டர் வேகக் காற்றில், மைனஸ் 9 டிகிரி போல உடம்பைத் தாக்கும். உடலின் உள்வெப்பம் 37 டிகிரியிலிருந்து 35க்குக் கீழே போவதை மருத்துவர்கள் ஹைப்போதெர்மியா என்கிறார்கள். முதலில் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்காது. தீக்குச்சி உரச வராது. அடுத்து பேச்சு குழறும், புத்தி மழுங்கும். 32 டிகிரியை ஒட்டி நடுக்கமே நின்றுவிடும். குளிர் விட்டுவிட்டது என்று தோன்றும் அந்த நேரம்தான் மிகவும் ஆபத்தானது. இந்த வரிசையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: முடிவெடுக்கும் திறன் உயிருக்கு வெகு முன்பே போய்விடுகிறது. அங்கே போய் யோசித்துக்கொள்ளலாம் என்பவர்கள், யோசிக்கவே முடியாத ஒரு நேரத்தை நம்பியிருக்கிறார்கள்.

மற்ற மலைப் பயணங்களில் வானம் கறுத்தால் மனம் வீட்டை நோக்கித் திரும்பும். எல்க் வேட்டையில் நேர்மாறு. உயரத்தில் பனி விழுந்தால்தான் மந்தைகள் புல் தேடிக் கீழே இறங்கும். புதுப்பனியில் குளம்படி பளிச்சென்று தெரியும். ஆகவே எந்த வானிலை ஆளைக் கொல்லுமோ, அதற்காகவே வேட்டைக்காரர் காத்திருக்கிறார். நேரமும் இப்படியே எதிராக நிற்கிறது. மான்கள் மேய வெளிப்படுவது விடியலிலும் அந்தியிலும். கொலராடோவில் சூரியன் மறைந்த பிறகும் அரை மணி நேரம் வரை சுடலாம். அந்தியில் விழுந்த மானைத் தோலுரித்துத் துண்டுபோடுவது இருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில், மரத்துப்போன விரல்களால் நடக்கும் வேலை. கூரிய கத்தி கையை வெட்டுவதற்கு இதைவிடத் தோதான நேரம் கிடையாது. தின்னக்கூடிய இறைச்சியைக் காட்டில் வீணாக விடுவது சட்டப்படி குற்றம். விடாமல் சுமந்து வருவதே அறம் என்றும் அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் ஒரு பெரிய மானின் இறைச்சியை ஒரே நடையில் கொண்டுவர முடியாது. மூன்று, நான்கு நடை, ஒவ்வொன்றிலும் முதுகில் 25, 30 கிலோ, கீழே பனி மூடிய வழுக்குப் பாறை. வேட்டை வெற்றியில் முடிந்த பிறகுதான் கணுக்கால் பிசகும் நேரமே தொடங்குகிறது.

இதற்கு மேல் பணமும் நாள் கணக்கும் மனதைப் பிடித்திழுக்கும். வெளிமாநிலத்தவருக்குக் கொலராடோவில் ஓர் எல்க் உரிமம் 700 டாலருக்கு மேல். நல்ல பகுதிகளுக்குக் குலுக்கல் முறை. ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பெறுபவர்கள் உண்டு. கிடைத்தாலும் துப்பாக்கிப் பருவம் சில நாள்தான், சிலவற்றில் ஐந்தே நாள். நான்காம் நாள் மாலை முகடு கறுத்து வரும்போது, இவ்வளவு செலவழித்து வந்துவிட்டு வெறுங்கையோடு போவதா என்று நினைக்காதவர் யார்? அனுபவசாலிகள் இதில் சிக்கமாட்டார்கள் என்று ஒரு வாதம் உண்டு. 2004இல் இயன் மெக்கேமன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் நடந்த 715 பனிச்சரிவு விபத்துகளை அலசினார். பழகிய இடத்துக்குப் போகும்போது, நன்றாகப் பயிற்சி பெற்ற குழுக்களும் பயிற்சியே இல்லாதவர்கள் அளவுக்குத் துணிந்து ஆபத்தை ஏற்றுக்கொண்டதை அவர் கண்டார். பனிச்சரிவும் வேட்டையும் ஒன்றல்ல என்பது உண்மை. ஆனால் இருபது வருடமாக வரும் மலை என்ற நினைப்பு வேலை செய்யும் விதம் இரண்டிலும் ஒன்றுதான்.

குடும்பமாகப் போவது பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். ஆள் எண்ணிக்கை கூடுவது நல்லதுதான், ஆனால் குடும்பத்தில் அறிவு பெரும்பாலும் ஒரே தலையில் குவிந்திருக்கும். வழி தெரிந்தவர் அப்பா. வண்டி ஓட்டுபவரும் அவரே, சாவியும் அவர் பையில். கால் முறிவது அவருக்கு என்றால், மீதிப்பேர் வழி தெரியாத பயணிகளாகிவிடுகிறார்கள். கொலராடோவில் 12 வயதுப் பிள்ளை பெரியவர் துணையோடு பெரிய விலங்கு வேட்டைக்குப் போகலாம். சிறு உடம்பு பெரியவர் உடம்பைவிட வேகமாக வெப்பத்தை இழக்கும். அந்தப் பிள்ளை அப்பாவிடம், குளிர்கிறது, போகலாம் என்று சொல்லுமா? சொல்லத் தயங்கும், தன்னால் வேட்டை கெட்டது என்ற பேச்சுக்கு அஞ்சும். பிள்ளைக்கு முதல் மானைக் காட்டிவிட வேண்டும் என்று அப்பாவும் இன்னும் ஒரு மணி நேரம் என்பார். அன்பு இருப்பதாலேயே இருவரும் உண்மையைச் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். முன்பே வகுத்த விதி இருந்தால் யாரும் யாரையும் ஏமாற்றியதாகாது.

இப்போதெல்லாம் வானிலை அறிக்கையும் செயற்கைக்கோள் கருவியும் இருக்கின்றனவே என்று கேட்கலாம். அவற்றின் அருமையை உணர 1940 நவம்பர் 11ஐ நினைத்தால் போதும். மினசோட்டாவில் அன்று விடுமுறை, காலை இதமாக இருந்தது. மிசிசிப்பி ஆற்றுத் தீவுகளுக்கு வாத்து வேட்டைக்குப் போனவர்கள் மெல்லிய உடையில் போனார்கள். பகலுக்குள் மழை, பிறகு பனிப்புயல். மத்திய மேற்கு மாநிலங்களில் இறந்தவர்கள் ஏறத்தாழ 150 பேர், மினசோட்டாவில் மட்டும் 49. வினோனா ஊரின் விமானி மேக்ஸ் கான்ராட் தன் சிறு விமானத்தில் தாழப் பறந்து, தவித்துக்கொண்டிருந்தவர்களுக்கு உணவும் தீப்பெட்டியும் போட்டு, வெளியேற வழிகாட்டினார். முன்னறிவிப்பு தந்த சிகாகோ அலுவலகத்தில் அந்தக் காலத்தில் இரவுப் பணியே கிடையாது. அந்தப் புயலுக்குப் பிறகுதான் ஏற்பாடுகள் மாறின. இன்று புயல் வருவது நாள்கள் முன்பே தெரிகிறது. 2022இல் வந்த ஐபோன் 14 முதல், சிக்னலே இல்லாத இடத்திலிருந்தும் அவசரச் செய்தி அனுப்ப முடிகிறது. ஆனால் செய்தி போகும் வேகத்தில் ஆள் வர முடியாது. மேகமும் காற்றும் இருக்கும்போது ஹெலிகாப்டர் எழும்பாது. நடந்து வருபவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்; கொலராடோவில் ஒவ்வொரு வேட்டை உரிமத்திலும் 25 சென்ட் அவர்களுக்கான நிதிக்குப் போகிறது. அடிபட்டவரைச் சுமக்க ஒரு நேரத்தில் ஆறு பேர் வேண்டும், மாற்றாள் தனி. இரவு முழுவதும் ஆகலாம். அந்த இரவைத் தாங்கும் பொறுப்பு குடும்பத்துடையது.

வேட்டையே கூடாது, பிறகு ஏன் இந்த அக்கறை என்று நம் வாசகர்கள் கேட்கலாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டையை மறந்த நாட்டவருக்கு இது இயல்பான கேள்வி. அங்கே 1900 வாக்கில் 1 லட்சத்துக்கும் குறைந்துபோன எல்க் இனம் இன்று ஏறத்தாழ 10 லட்சம். அந்த மீட்சிக்கான செலவில் பெரும்பங்கு உரிமக் கட்டணத்திலிருந்தும், 1937 முதல் வனவிலங்குப் பாதுகாப்புக்கென ஒதுக்கப்படும் துப்பாக்கி, தோட்டா வரியிலிருந்தும் வந்தது. ஏற்பதும் மறுப்பதும் அவரவர் மனசாட்சி. எப்படியிருந்தாலும், குளிரில் நடுங்கும் 12 வயதுப் பிள்ளை அந்த விவாதத்தில் ஒரு கட்சிக்காரர் அல்ல.

வீட்டில் முடிவு செய்ய வேண்டியவை பெரிய காரியங்களும் அல்ல. இத்தனை மணிக்குப் பிறகு, வண்டியிலிருந்து இத்தனை தூரத்துக்கு அப்பால், எவ்வளவு பெரிய கொம்பு நின்றாலும் சுடுவதில்லை. இருட்டிவிட்டால் இறைச்சி காலைவரை மரக்கிளையில் தொங்கட்டும், குளிரில் கெடாது. கரடி நடமாடும் பகுதியானால் மறுநாள் எச்சரிக்கையோடு அணுக வேண்டும். வழியும் வண்டியும் இரண்டாவதாக ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தீப்பெட்டி, உலர்ந்த உடை, விளக்கு, உணவு எல்லாம் பிள்ளை உட்பட ஒவ்வொருவர் பையிலும் தனித்தனியாக இருக்க வேண்டும். யார் போகலாம் என்று சொன்னாலும், கடைக்குட்டியே சொன்னாலும், காரணம் கேட்காமல் இறங்க வேண்டும். இவற்றை ஒரு தாளில் எழுதி வீட்டில் இருப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும்: வண்டி நிற்கும் இடம், ஏறும் சரிவு, திரும்பி வந்து போன் செய்யும் நேரம், அந்த நேரம் தாண்டினால் அழைக்க வேண்டிய ஷெரிஃப் அலுவலகத்தின் எண்.