நோயைக் காட்டிக்கொடுத்த கணக்கு



வீட்டில் ஒருவர் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டாலோ, வாப்பாவுக்குத் திடீரெனப் பாரிசவாதம் கண்டுவிட்டாலோ, வைத்தியசாலையில் டொக்டர் சொல்வது "ஸீ.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும்" என்பதுதான். மண்டையோட்டைத் திறக்காமலேயே, மூளைக்குள் இரத்தம் கசிந்திருக்கிறதா இல்லையா என்பதை அந்த இயந்திரம் சில நிமிடங்களில் காட்டிவிடுகிறது. இந்த இயந்திரத்தின் வளர்ச்சியில் ஒரு தமிழரின் கணக்குக்கும் பங்குண்டு என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர்தான் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன். 1922 ஒக்டோபர் 8ஆம் திகதி, கேரளத்தின் எர்ணாகுளத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். தந்தை கணிதப் பேராசிரியர். மகனின் கணித ஆர்வத்துக்கு வீட்டிலேயே வித்திட்டவர் அவர். பெங்களூரில் சர் சி. வி. இராமனிடம் பௌதிகவியல் ஆய்வு செய்து, பின்னர் கேம்பிரிஜில் கலாநிதிப் பட்டம் பெற்ற இராமச்சந்திரன், 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

அவருக்குப் புகழ் தேடித்தந்தது வேறொரு துறை. நமது தோலுக்கும் எலும்புக்கும் வலுத்தரும் கொலாஜன் என்ற புரதம், மூன்று இழைகள் சேர்த்து முறுக்கிய கயிறு போன்றது என்பதை 1950களில் தமது சகாக்களுடன் சென்னையிலிருந்து உலகுக்கு அறிவித்தார். 1963இல் வெளிவந்த 'இராமச்சந்திரன் வரைபடம்' புரதங்களின் அமைப்பை ஆராயும் மாணவர்களுக்கு இன்றும் அடிப்படைப் பாடம்.

இனி ஸ்கேன் விடயத்துக்கு வருவோம். சாதாரண எக்ஸ்ரே படம் என்பது ஒரு நிழல். விளக்கின் முன்னே இரண்டு கைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்தால், சுவரில் இரண்டு நிழல்களும் ஒன்றன்மேல் ஒன்று விழும். எது முன்னே, எது பின்னே என்று சொல்ல முடியாது. விளக்கைச் சுற்றிவரக் கொண்டுபோய்ப் பல பக்கங்களிலிருந்தும் நிழல்களை எடுத்தால், உள்ளிருப்பதைக் கணக்கிட்டு அறியலாம். ஆனால், அந்த நிழல்களை அப்படியே ஒன்றுசேர்த்தால் படம் மங்கிக் கலங்கிவிடும். எனவே சேர்ப்பதற்கு முன்னரே ஒவ்வொரு நிழலையும் சீர்செய்து கூர்மையாக்க வேண்டும்.

இதற்கு நீண்ட, சிக்கலான கணிப்புகள் தேவைப்பட்டன. 1971இல் இராமச்சந்திரனும் ஏ. வி. லக்ஷ்மிநாராயணனும், பெருக்கலையும் கூட்டலையும் கொண்டே இதனை விரைவாகச் செய்யும் வழியை வெளியிட்டார்கள். வானியல் ஆய்வுக்காக இதனையொத்த ஒரு முறையை 1967இல் பிரேஸ்வெல், ரிடில் என்ற இருவர் வெளியிட்டிருந்தது உண்மை. எனினும் எக்ஸ்ரே படங்களுக்கு அதனை எளிதாக்கித் தந்ததில் இவ்விருவரின் பங்கு பெரியது. இருவர் பெயரையும் சுருக்கி 'ராம்-லாக்' என்றே இத்துறையினர் அம்முறையை அழைக்கின்றனர். இவ்வகைக் கணிப்பே பல தசாப்தங்களாக ஸீ.டி. இயந்திரங்களில் பெருவழக்காக இருந்தது.

அதே 1971இல்தான் இலண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்ட் வடிவமைத்த ஸ்கேன் இயந்திரம் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலையைப் படமெடுத்தது. 1979இல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கோர்மக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் அதற்குத் தகுதியானவர்களே. இராமச்சந்திரனுக்கோ நோபல் பரிசு கிடைக்கவேயில்லை. 1977இல் இலண்டன் ரோயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1999இல் பளிங்கியல் துறையின் உயரிய இவால்ட் பரிசைப் பெற்றார். 2001 ஏப்ரல் 7இல் காலமானார்.

சகோதரிகளே, சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். இவர் நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்த்த வைத்தியரல்லர். தாளில் கணக்குப் போட்டவர். அந்தக் கணக்கோ எத்தனையோ வீடுகளில் நோயைக் காலத்தோடு காட்டிக்கொடுத்திருக்கிறது.

நமது ஊர்களில் ஒரு பழக்கம் இருக்கிறது. மகள் கெட்டிக்காரி என்றால் டொக்டராக வேண்டும், உயிரியல் படி என்போம். அது சரிவராது என்று தோன்றினால் கலைப்பிரிவுக்கு அனுப்புவோம். அவளே கணிதப் பிரிவுக்குப் போக விரும்பினால், "பொம்புளப் புள்ளைக்குக் கணக்கு என்னத்துக்கு?" என்று கேட்டுவிடுவோம். அல்ஜிப்ரா என்ற சொல்லே அல்குவாரிஸ்மியின் அரபு நூலின் பெயரிலிருந்து வந்தது என்று பெருமை பேசுகிற நாம், அந்தப் பாடத்தை நம் மகளுக்கு மட்டும் மறுப்பது நியாயமா?

சாதாரண தரப் பரீட்சை முடிந்து உங்கள் மகள் எந்தப் பிரிவு என்று யோசித்துக்கொண்டிருந்தால், முதலில் அவளுடைய விருப்பத்தைக் கேளுங்கள். கணக்கு என்று அவள் சொன்னால் தடுக்காதீர்கள். அவளுக்கு இந்தப் பேராசிரியரின் கதையைச் சொல்லிக் கொடுங்கள்.