நீரிறைக்கும் பொறியும் இல்லத்தார் செப்பனிடலும்

திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளியை அடுத்து, கடலுக்கும் களப்புக்கும் அண்மையில் அமைந்த மணற்பாங்கான ஊர் இறக்கக்கண்டி. இத்தகைய கரையோர மணல்நிலத்தில் நன்னீர் மிக்க ஆழத்தில் இருப்பதன்று. ஆதலின் துலாவின் தொழிலைச் சிறியதொரு மின்பொறியே எளிதிற் செய்துவிடுகின்றது. அப்பொறி நீர் தர மறுத்த அன்று இல்லத்தார் முதலில் ஐயுறுவது மோட்டாரையே. பெரும்பாலும் குற்றம் அதன்பால் இல்லை. அஃது எங்குள்ளது என அறிய வேண்டின், நீர் மேலேறும் முறையை முதற்கண் அறிதல் வேண்டும்.

பொறி நீரை இழுக்கின்றது என்பது உலக வழக்கு. உண்மையில் அதனுட் சுழலும் சக்கரம் நீரைப் புறத்தே வீச, அவ்விடத்தில் அமுக்கம் குறைகின்றது. கிணற்று நீரின்மேல் அழுத்தும் வளிமண்டலமே நீரைக் குழாய்வழி மேலே தள்ளுகின்றது. கடல்மட்டத்தில் அவ்வமுக்கம் தாங்கவல்லது ஏறத்தாழ 34 அடி நீரையே. இவ்வெல்லையை 1638இல் வெளிவந்த தம் நூலிற் கலிலியோ குறித்தாராயினும், காரணத்தைத் தெளிவித்தவர் அவர்தம் இறுதி நாள்களில் உடனிருந்த தொரிசெல்லியே. நடைமுறையில் 25 அடிக்கு மேல் எதிர்பார்த்தல் தகாது.

சக்கரம் நீரை வீசுமேயன்றிக் காற்றை வீசும் திறம் உடையதன்று. ஆகவே குழாயில் எந்நேரமும் நீர் நிறைந்திருத்தல் வேண்டும். அதனைக் காப்பது கிணற்றினுள் அமிழ்ந்த குழாயின் அடியிலுள்ள புட்வால்வு. பொறி சுழன்றும் நீர் வராவிடின், மின்னிணைப்பைக் கழற்றிவிட்டு, பொறியின் மேலுள்ள மூடியைத் திறந்து விளிம்புவரை நீர் வார்த்துச் சிறிது பொறுத்து நோக்குக. நீர்மட்டம் தாழ்ந்து, வெளியே கசிவும் காணப்படாவிடின், வால்வு நீரைத் தாங்கவில்லை என்பது பொருள். மணல்நிலக் கிணறுகளில் ஒரு மணற்பரலே இதற்குப் போதியதாகும். குழாயை மேலே எடுத்துக் கழுவி, தேய்ந்த இறப்பரை மாற்றினால் வேலை முடிந்தது.

மட்டம் தாழாதிருந்தும் நீர் விட்டுவிட்டு வருமாயின் உறிஞ்சு குழாயின் பொருத்துகளை ஆராய்தல் நன்று. இவ்விடத்தே பலர் ஏமாறுவர். வெளியேற்றும் குழாயின் வெடிப்பு நீர் சொட்டித் தன்னைக் காட்டிக்கொடுக்கும். உறிஞ்சு குழாயின் வெடிப்போ, பொறி ஓடுங்கால் ஒரு துளியும் சிந்தாது காற்றை உள்ளே வாங்கும். பொருத்துகளிற் சவர்க்கார நுரையைத் தடவினால், நுரை உள்ளே செல்லும் இடமே குற்றமுள்ள இடம். இத்தேட்டத்தின்போதும் பொறியை நீரின்றி நெடுநேரம் ஓடவிடலாகாது. சுழல்தண்டின் அடைப்புக்குக் குளிர்ச்சி தருவது அந்நீரே.

மோட்டார் உறுமியும் சுழலாதாயின் செய்தி வேறு. துருவினால் இறுகியிருக்கலாம், கொள்ளளவி பழுதுற்றிருக்கலாம். மின்னைத் துண்டித்த பின்னரும் கொள்ளளவியில் மின்னேற்றம் தங்கியிருக்கக் கூடுமாதலின், அதனை மின்வினைஞரிடம் விடுதலே அறிவுடைமை.

நீர் உவர்க்குமாயின் அது பொறியின் குற்றமன்று. கரையோர மணலில் நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் உண்டென்பது கைபன், ஹெர்ஸ்பெர்க் ஆகியோர் பெயரால் வழங்கும் கணக்கு. மேல்மட்டம் சிறிது தாழினும் அடியிலுள்ள உவர் பன்மடங்கு எழும். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலையால் உவர்ப்புற்ற கிழக்குக் கரைக் கிணறுகளை மீண்டும் மீண்டும் இறைத்தமை, சிலவிடங்களில் அவ்வுவர்ப்பை நீடிக்கவே செய்தது. வலுமிக்க பொறியை வாங்குதல் இங்கே மருந்தாகாது. சிறிய பொறியைக் குறுகிய நேரம் ஓட்டி, வால்வைக் கிணற்றடியினின்று ஓரடியேனும் உயர்த்தித் தொங்கவிட்டு, ஊற்று மீள இடைவெளி தருதலே செய்யத்தக்கது.