நினைவுப் பயிற்சியும் மூளையும்



சென்ற ஆண்டு என் தமையனார் மகள் என்னிடம் ஒரு விளம்பரத்தைக் காட்டினாள். நாள்தோறும் அரைமணி நேரம் நினைவுப் பயிற்சி செய்தால் அறிவே கூர்மையடையும் என்பது அதன் சாரம். "சித்தப்பா, பணம் கட்டிச் சேர்ந்துவிடட்டுமா?" என்று கேட்டாள். தேர்வுக்கு இரண்டே திங்கள்கள் இருந்தன. அவளுக்கு நான் கூறிய விடையையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

27-ஐ 6-ஆல் மனத்திற்குள்ளேயே பெருக்கிப் பாருங்கள். இருபதாறு 120 என்பதை ஒருபுறம் நிறுத்திவைத்து, ஏழாறு 42 எனக் கண்டு, இரண்டையும் கூட்டி 162 என்கின்றீர்கள். அந்த 120-ஐச் சில நொடிகள் தாங்கி நின்ற ஆற்றலையே உளவியலார் செயல்நினைவு என்பர். அது மனத்தினுள் இருக்கும் சிறு கரும்பலகை போன்றது. அதில் ஏறத்தாழ ஏழு செய்திகள் அடங்கும் என்று 1956-இல் அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் மில்லர் எழுதினார். நான்கே அடங்கும் என்று 2001-இல் நெல்சன் கோவன் வாதிட்டார்.

இப்பலகையைப் பயிற்சியால் பெரிதாக்க இயலுமா? ஸ்வீடன் நாட்டு டார்க்கல் கிளிங்பெர்க்கும் அவருடைய தோழர்களும் உடல்நலமுள்ள இளைஞர்களை ஐந்து வாரம் பழக்கினர். காந்தக் கருவியால் மூளையைப் படம்பிடித்தபோது, நெற்றிக்குப் பின்னுள்ள பகுதியிலும் உச்சந்தலையை அடுத்த பகுதியிலும் இயக்கம் மிகுந்திருக்கக் கண்டு, 2004-இல் வெளியிட்டனர். 2009-இல் வெளியான மற்றோர் ஆய்வில், 13 இளைஞர்கள் 14 மணி நேரம் பயின்ற பின்னர், டோப்பமின் என்னும் பொருளை ஏற்கும் மூளையின் வாயில்களிலும் மாறுதல் காணப்பட்டது. ஆய்வுக்கு உட்பட்டோர் சிலரே எனினும், மூளை கல்லன்று, பழக்கத்திற்கு இணங்குவது என்பதற்கு இவை சான்றாகும்.

ஆயினும் மூளை மாறுவது வேறு. அறிவு பெருகுவது வேறு. 2008-இல் சுசான் யேகி குழுவினர் ஒரு கடினமான பயிற்சியை அளித்தனர். செவியில் எழுத்துகள் ஒலிக்கும். கண்முன் கட்டங்கள் தோன்றும். சில படிகளுக்கு முன் வந்தது மீண்டும் வந்ததா எனச் சொல்ல வேண்டும். பயின்றோரின் பொது அறிவாற்றலே உயர்ந்தது என்று அவர்கள் அறிவித்தபோது உலகம் வியந்தது. ஆனால் பயிலாதவர்கள் வாளா இருந்தனர். பயின்றோர் பெற்ற ஊக்கமும் எதிர்பார்ப்புமே அவ்வுயர்வுக்குக் காரணமாகலாமன்றோ? ஆகவே, ஒப்பிடப்படும் குழுவினர்க்கும் வேறொரு பயிற்சி அளித்து, தாமஸ் ரெடிக் முதலானோர் 2013-இல் சோதனையை வெளியிட்டனர். பயின்ற விளையாட்டில் திறமை வளர்ந்தது. அறிவாற்றலில் உயர்வு காணப்படவில்லை.

இதன் காரணத்தை விளக்க ஒரு பழைய நிகழ்ச்சி உதவும். அமெரிக்காவில் ஒரு கல்லூரி மாணவர், கேட்ட எண்களைத் திருப்பிச் சொல்லப் பழகினார். தொடக்கத்தில் அவருக்கு ஏழு இலக்கங்களே நினைவில் நின்றன. ஏறத்தாழ 20 மாதங்களில், 230 மணி நேரத்திற்கும் மேற்பட்ட பயிற்சிக்குப் பின், 79 இலக்கங்களைச் சொன்னார்! இச்செய்தி 1980-இல் வெளியாயிற்று. அவர் ஓட்டப்பந்தய வீரர். 3492 எனக் கேட்டால், அதை ஒரு மைல் ஓட்டத்திற்குரிய 3 நிமிடம் 49.2 நொடி எனக் கொண்டார். நான்கு இலக்கம் ஒரே செய்தியாயிற்று. எண்களுக்குப் பதிலாக எழுத்துகளைச் சொன்னபோதோ, அவருக்கு ஆறளவே நினைவில் நின்றது. பலகை பெரிதாகவில்லை, அதில் சுருக்கி எழுதும் வகையையே அவர் கற்றிருந்தார். அச்சுருக்கத்தைத் தந்தது ஓட்டத்தைப் பற்றி முன்னரே பெற்றிருந்த அறிவு.

என் விடை இதுதான்: "அம்மா, பணத்தையும் அரைமணியையும் உன் பாடத்திற்கே கொடு. வாய்பாடும் சூத்திரமும் பொருளுணர்ந்து பழகிவிட்டால், அவை பலகையில் இடம் கேளா. எஞ்சிய இடத்தில் நீ சிந்திக்கலாம்." அவள் முகம் சற்று வாடியது. குறுக்குவழி இல்லை என்று கேட்பது யாருக்கும் இனியதன்று. ஆயினும் மறுநாள் மாலை, இயற்பியல் புத்தகத்துடன் என் அறைக்கு வந்து, முதல் ஐயத்தைக் கேட்டாள்.