களமிறங்கும் மூத்தோர் அறிய வேண்டுவன

சேலம் மகாத்மா காந்தி விளையாட்டரங்கிலும், நாமக்கல், இராசிபுரம், ஆத்தூர், திருச்செங்கோடு முதலிய ஊர்களின் பள்ளி மைதானங்களிலும் விடியற்காலையில் சுற்றிவரும் முதியோரைக் காண்பவர்கள், சர்க்கரை நோய்க்கு அஞ்சி நடக்க வந்தவர்களென்றே அவர்கள் எல்லோரையும் எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால் அவர்களுள் சிலர், போன மாதம் ஓடிய நூறு மீட்டரை இம்மாதம் ஒரு விநாடியேனும் குறைத்து ஓடிவிட வேண்டுமென்னும் சங்கற்பத்தோடு வந்தவர்கள். ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியரும், விசைத்தறிப் பட்டறைக்காரரும், லாரித் தொழிலை மகனிடம் ஒப்படைத்துவிட்டு வந்தவரும், பேரன் பேத்தி எடுத்த பெண்மணியும் அவர்களுள் உண்டு. இவர்கள் ஈடுபட்டிருக்கும் மூத்தோர் தடகளம் வெறும் பொழுதுபோக்கன்று. விதிகளும் சாதனைப் பட்டியலும் சர்வதேச ஸ்தாபனமும் உடைய முழுமையான விளையாட்டு.

இளம் வீரனுக்குப் பின்னே பள்ளியும் பயிற்சியாளரும் பெற்றோரும் நிற்கிறார்கள். அவன் உண்ணும் மாத்திரையையும் செலுத்தும் கட்டணத்தையும் விசாரிக்க ஒருவர் இருக்கிறார். அறுபது வயதில் களமிறங்குபவருக்கோ அவ்விதத் துணை அநேகமாக இல்லை. ஆகையால் தம் உரிமை எது, அபாயம் எது, தவறு நேர்ந்தால் பரிகாரம் எங்கே என்னும் மூன்றையும் அவரே அறிந்திருத்தல் அவசியமாகிறது.

உரிமைகள்

1975ஆம் ஆண்டு கனடாவின் டொரண்டோ நகரில் முதல் உலக மூத்தோர் தடகளப் போட்டி நடைபெற்றது; 1977இல் சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் அதற்கென உலகச் சங்கம் அமைந்தது; அதுவே இன்று உலக மாஸ்டர்ஸ் தடகளம் என்னும் பெயரால் வழங்குகிறது. 35 வயது நிறைந்த ஆணும் பெண்ணும் இதில் சேரலாம். 35 முதல் 39, 40 முதல் 44 என ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரிவுகள் வகுக்கப்பட்டு, போட்டியின் முதல் நாளன்று ஒருவருக்கு உள்ள வயதே கணக்கில் கொள்ளப்படுகிறது. நம் மாநிலத்து முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் பொதுப்பிரிவினருக்கு 35 வயதே மேல்வரம்பு என்பதை நினைக்குங்கால், அங்கே கதவு சாத்தப்படும் வயதில் இங்கே கதவு திறக்கிறது என்பது விளங்கும்.

உலகப் போட்டியில் கலந்துகொள்வதற்கு இத்தனை விநாடிக்குள் ஓடியிருக்க வேண்டும் என்னும் தகுதி வரம்பு கிடையாது. அங்கீகாரம் பெற்ற தேசியச் சங்கத்தின் வழியாகப் பெயர் பதிவானால் போதும். வயதுக்கேற்பக் கருவிகளின் எடையும் குறைகிறது. 49 வயது வரை ஆண்கள் எறியும் இரும்புக் குண்டு 7.26 கிலோ, ஐம்பதுகளில் 6, அறுபதுகளில் 5, எழுபதுகளில் 4, எண்பதுக்கு மேல் 3 கிலோ. பெண்களுக்கு 49 வயது வரை 4 கிலோ, பிறகு 74 வரை 3, அதன்பின் 2 கிலோ. குறுந்தூர ஓட்டத்தில் குனிந்து, கட்டையில் கால் ஊன்றித்தான் புறப்பட வேண்டுமென்று மூத்தோரை நிர்ப்பந்திக்க இயலாது, நின்றபடியே புறப்படலாம். உள்ளூர்ப் போட்டியொன்றில் 65 வயதுடையவர் கையில் கல்லூரி மாணவரின் குண்டைக் கொடுத்தால், அதை மறுத்துத் தமக்குரிய குண்டைக் கேட்பது பிடிவாதமன்று, நியாயம்.

பஞ்சாபின் மன் கௌர் 93 வயதில் ஓடத் தொடங்கி, 2017இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், 101 வயதில், நூறு மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். பகவானி தேவி 94 வயதில், 2022இல் பின்லாந்தின் டாம்பரே நகரில், அதே தூரத்தை 24.74 விநாடியில் கடந்தார். 2025 நவம்பரில் ஆசிய மூத்தோர் தடகளப் போட்டி சென்னை ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கிலேயே நடந்தது. ஆகவே, "பேரன் பேத்தி எடுத்தவளுக்கு ஓட்டமென்னத்துக்குங்க?" என்று அக்கம்பக்கத்தார் கேட்பதைப் பொருட்படுத்தி எந்தப் பெண்ணும் மைதானத்தை விட்டு விலக வேண்டியதில்லை.

வயதுச் சான்று விஷயத்தில் முற்கூட்டியே கவனம் வேண்டும். அக்காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் உத்தேசமாக எழுதிய தேதி ஒன்றும், ஆதாரில் வேறொன்றும், பாஸ்போர்ட்டில் மற்றொன்றுமாக இருப்பவர்கள் நம் பக்கத்தில் அநேகர். ஆதார் அட்டை வயதை நிர்ணயிக்கத்தக்க ஆவணமன்று என்றும், பள்ளி மாற்றுச் சான்றிதழிலுள்ள தேதியையே கொள்ளலாம் என்றும் உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் கூறியிருக்கிறது. பிறப்பே பதிவாகாதவர்கள் கோட்டாட்சியரிடம் விண்ணப்பித்துத் தாமதப் பதிவு செய்துகொள்ளலாம். வெளிநாட்டுப் போட்டிகளில் பாஸ்போர்ட்டே சான்று. அதிலுள்ள தேதியும் மற்றப் பத்திரங்களிலுள்ள தேதியும் ஒத்திருக்கும்படி சரிசெய்துகொள்வது பின்னாளில் வரும் பழியைத் தவிர்க்கும்.

சரீரத்தின் அபாயங்கள்

விளையாடும்போது திடீர் மரணம் நேர்வது இளையவர்களிடம் பெரும்பாலும் பிறவியிலேயே அமைந்த இதயக் கோளாற்றினால். 35 வயதுக்கு மேற்பட்டவர்களிடமோ இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்களின் அடைப்பே முதன்மைக் காரணம். இளமையில் மாவட்ட அளவில் ஓடிய பெருமிதத்தோடு, இருபது வருஷம் உட்கார்ந்து உத்தியோகம் பார்த்துவிட்டு, ஒரே வாரப் பயிற்சியில் பந்தயத்துக்குப் புறப்படுகிறவருக்கே அபாயம் அதிகம். இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, இ.சி.ஜி., மருத்துவர் தேவையென்று கருதினால் டிரெட்மில் சோதனை ஆகியவற்றை முடித்த பிறகே வேகப் பயிற்சியைத் தொடங்க வேண்டும். முதற்கட்டச் சோதனைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்துகொள்ளலாம். மேற்கொண்டு வேண்டியவற்றுக்குச் சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன.

மார்பில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், கிறுகிறுப்பு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அக்கணமே நின்றுவிட வேண்டும். நீண்டகாலச் சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பு வலியில்லாமலே வருவதுண்டு. 'வாயுப் பிடிப்பு' என்று சோடா குடித்துவிட்டுக் காத்திருப்பது உயிரைப் பணயம் வைப்பதாகும். ஒருவர் விழுந்து மூச்சற்றுக் கிடந்தால் 108க்கு அழைத்துவிட்டு, மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்திக்கொண்டே இருக்கக் குழுவில் ஒவ்வொருவரும் கற்றிருக்க வேண்டும்.

இன்சுலினோ சர்க்கரையை வெகுவாக இறக்கும் மாத்திரையோ எடுத்துக்கொள்பவர் வெறும் வயிற்றில் ஓடலாகாது. காய்ச்சல் நீங்காமல் ஓடுதல் இதயத் தசையைப் பாதிக்கும். சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள், குறிப்பாக அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு, குதிகால் நரம்பென்று நாம் சொல்லும் தசைநாணை அறுந்துபோகும்படி பலவீனப்படுத்தக்கூடியவை. அவற்றை உட்கொள்ளும் நாட்களில் வேக ஓட்டமும் தாண்டுதலும் கூடாது. பங்குனி, சித்திரை மாதங்களில் சேலம், நாமக்கல் சமவெளியின் வெயில் ஏறுவதற்குள் பயிற்சியை முடித்துவிட வேண்டும்; நீர் வற்றிய உடம்போடு வலி மாத்திரையும் இரத்த அழுத்த மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகம் கெடும்.

மாத்திரை அட்டையில் மறைந்திருப்பது

ஊக்கமருந்துத் தடை இளையவர்களுக்கு மட்டுமே என்று எண்ணுவது பிழை. சர்வதேச மூத்தோர் போட்டிகளிலும் சோதனை உண்டு. இரத்த அழுத்தத்துக்காக நீங்கள் தினமும் உட்கொள்ளும் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பெயரின் கடைசியில் 'எச்' என்னும் ஆங்கில எழுத்து இருந்து, பின்புறத்தில் ஹைட்ரோகுளோரோதயசைடு என்று பொடி எழுத்தில் அச்சாகியிருந்தால், அது சிறுநீரைப் பெருக்கும் மருந்தாகும். அவ்வகை மருந்துகள் எல்லாம் எக்காலத்திலும் தடை செய்யப்பட்டவை. இன்சுலினும் தடைப்பட்டியலில் உள்ளது. மூட்டுவலிக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி போட்டிக் காலத்தில் தடையுள்ளது. உள்ளே என்ன கலந்திருக்கிறதென்று எழுதாத லேகியங்களும், உடற்பயிற்சிக் கூடங்களில் விற்கும் பொடிகளும் அதைவிடச் சந்தேகத்துக்குரியவை.

இதற்காக மருந்தை நீங்களாகவே நிறுத்திவிடுதல் பெருந்தவறு. தடையில்லாத மாற்று மருந்துகள் உண்டு. மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். மாற்ற இயலாதபோது, மருத்துவக் காரணத்துக்கான விதிவிலக்கு கோரித் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமைக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். மருத்துவர் சீட்டையும் சோதனை முடிவுகளையும் பத்திரமாக வைத்திருப்பது இங்கே மிகவும் உதவும்.

பணத்தைக் குறிவைப்போர்

தகுதி வரம்பு இல்லாத தாராளத்தையே மூலதனமாக்கிக்கொள்ளும் தரகர்களும் இருக்கிறார்கள். வாட்ஸப்பில் ஓர் அழைப்பு வருகிறது. 'இன்டர்நேஷனல்' என்னும் சொல் தங்க எழுத்தில் மின்னுகிறது. வெளிநாட்டுப் பயணத்துக்கும் சீருடைக்கும் விசாவுக்கும் சேர்த்துப் பெருந்தொகை கேட்கப்படுகிறது. அனுப்ப வேண்டிய எண்ணோ ஒரு தனிமனிதரின் செல்பேசி எண். 'சங்கம் பதிவு செய்யப்பட்டது' என்று சான்றிதழைக் காட்டினால் அதில் மயங்கலாகாது. 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்துவிடலாம். பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. பெயரில் ஒரு சொல்லை மட்டும் மாற்றிக்கொண்டு ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் இயங்கும் துறை இது. மாவட்டச் சங்கம் எந்த மாநிலச் சங்கத்தோடும், அது எந்தத் தேசியச் சங்கத்தோடும் இணைந்தது, அத்தேசியச் சங்கத்தின் பெயர் உலகச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் உள்ளதா என்னும் சங்கிலியை முழுமையாகச் சரிபார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும். கட்டும் பணம் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். பதிவு எண்ணுடன் கூடிய ரசீது பெற வேண்டும்.

இன்னொரு பொய் வாக்குறுதி, பதக்கம் வென்றால் அரசு ஓய்வூதியம் கிடைக்கும் என்பது. நலிந்த நிலையிலுள்ள முன்னாள் வீரர்களுக்குத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஓய்வூதியம் உண்டு. ஆனால் முதியோர் போட்டிகளில் பெற்ற வெற்றி அதற்குத் தகுதியாகாதென்று விண்ணப்ப அறிவிப்புகளிலேயே கூறப்பட்டிருக்கிறது.

காப்பீட்டைப் பற்றியும் ஒரு சொல். ஆண்டுக்கு 20 ரூபாயில் 70 வயது வரை கிடைக்கும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா விபத்துக்கு மட்டுமே. மாரடைப்பு அதில் அடங்காது. வெளிநாட்டுப் பயணக் காப்பீட்டில் முன்பே உள்ள நோயை மறைத்தால், ஆபத்துக் காலத்தில் அது கைகொடாது. 'என் சொந்தப் பொறுப்பில் ஓடுகிறேன்' என்னும் படிவத்தில் கையொப்பமிட்டதனாலேயே, குடிநீரும் முதலுதவியும் ஆம்புலன்ஸும் வைக்கும் கடமையினின்று ஏற்பாட்டாளர் முற்றும் விடுபட்டுவிடுவதில்லை.

பரிகாரங்கள்

ஒரு சங்கம் அங்கீகாரம் பெற்றதா என்னும் ஐயம் எழுந்தால், 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், பத்து ரூபாய்க் கட்டணத்துடன் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கு எழுதிக் கேட்கலாம். முப்பது நாளில் விடை வர வேண்டும். சங்கத்தின் கணக்கில் ஊழல் என்றால், உறுப்பினர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் சேர்ந்து மாவட்டப் பதிவாளரிடம் விசாரணை கோரலாம்.

இணையவழியில் பணம் பறிபோனதென்று தெரிந்த மணித்துளியிலேயே 1930 என்னும் எண்ணுக்கு அழைக்க வேண்டும். எவ்வளவு விரைவோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே தடுத்து நிறுத்தும் வாய்ப்பு மிகுதி. ஏமாற்றுதல் பாரதிய நியாய சன்ஹிதையின் 318ஆம் பிரிவின்படி குற்றம். காவல் நிலையத்தில் புகாரை ஏற்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கோ மாநகர ஆணையருக்கோ தபாலில் அனுப்பலாம், அதன் பின் நீதித்துறை நடுவரை அணுகலாம். பயணமும் தங்குமிடமும் ஏற்பாடு செய்வதாகக் கட்டணம் வாங்கிக் கைவிட்டவர் மீது, நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கிடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டதானால் வழக்குக் கட்டணமே இல்லை. 1915 என்னும் எண்ணில் முதலில் யோசனை கேட்டுக்கொள்ளலாம்.

பெண்களுக்கு மேலும் ஒரு பாதுகாப்பு உண்டு. 2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், விளையாட்டரங்கையும் பயிற்சிக்கூடத்தையும் போட்டி நடக்கும் இடத்தையும் பணியிடமென்றே கொள்கிறது. பயிற்றுநரோ ஏற்பாட்டாளரோ வரம்பு மீறினால், மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் புகார் தரலாம். புகார்க் குழு இல்லாத சிறு சங்கமானால் மாவட்ட அளவிலுள்ள உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் தரலாம். வயது முதிர்ந்தவர் இதையெல்லாம் வெளியில் சொல்லலாமா என்னும் கூச்சம் குற்றவாளிக்கே துணையாகும்.

இத்தனை எச்சரிக்கையும் மூத்தோரை மைதானத்திலிருந்து துரத்துவதற்காகச் சொல்லப்பட்டவையல்ல. அச்சமின்றி அவர்கள் அங்கே நிலைத்திருப்பதற்காகச் சொல்லப்பட்டவை. மருத்துவர் சீட்டு, மாத்திரைகளின் பட்டியல், வயதுச் சான்றின் நகல், கட்டிய பணத்துக்கு ரசீது ஆகிய நான்கையும் ஒரு கோப்பில் சேர்த்து, அது இருக்குமிடத்தை வீட்டில் ஒருவருக்கேனும் சொல்லிவையுங்கள். காலையில் சேர்ந்து ஓடும் குழுக்கள் மாதத்தில் ஒருநாளைப் பயிற்சிக்குப் பதிலாக இவ்விஷயங்களைப் பேசவும், மார்பழுத்தும் முதலுதவியைப் பழகவும் ஒதுக்கிவைத்தால், தனித்தனியே ஏமாறுவதற்கு வழியில்லாத ஒரு சமூகம் அம்மைதானத்திலேயே உருவாகிவிடும்.