குட்டைக்குக் காரணம் என்ன?

ஊர் ஊராய் மாடுகள் - 9

ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் மேய்ந்த கருத்த சிறிய 'கைலோ' மாடுகளும், பெருநிலப் பகுதியின் செந்நிறப் பெரிய மாடுகளும் 1885-ல் வெளியான முதல் வம்சாவளிப் பதிவேட்டில் ஹைலேண்ட் என்ற ஒரே இனமாகச் சேர்ந்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் அந்த மாட்டின் அமெரிக்க வாழ்க்கை.

அமெரிக்காவில் நகரத்தில் வேலை பார்த்துக்கொண்டு, ஊருக்கு வெளியே ஐந்து, பத்து ஏக்கரில் வீடு கட்டிக்கொண்டவர்கள் உண்டு. கண்ணை மறைத்துத் தொங்கும் நெற்றிமுடியோடு புல் மேயும் ஒரு மாடு வேண்டும் என்பது அவர்கள் ஆசை. ஆனால் வளர்ந்த ஹைலேண்ட் பசு 400 முதல் 500 கிலோ வரை நிற்கும். காளை அதையும் தாண்டும். கொம்பு வேறு. இந்த ஆசைக்கும் அச்சத்துக்கும் நடுவே பிறந்ததுதான் 'மினி ஹைலேண்ட்'. இன்ஸ்டாகிராமும் டிக்டாக்கும் அதைச் செல்லப்பிராணி ஆக்கின. இன்று ஒரு கன்று பல ஆயிரம் டாலருக்குக் கைமாறுகிறது.

பழைய ஹைலேண்ட் சங்கங்கள் இதைத் தனி இனமாக ஏற்பதில்லை. மினி மாடுகளுக்கென்று பின்னால் தொடங்கிய பதிவேடுகள்தான் உயரக் கணக்கு வைத்திருக்கின்றன. மூன்று வயதில், இடுப்பெலும்பு மட்டத்தில் அளந்தால் 42 அங்குலத்துக்குள் இருப்பது மினி. 36 அங்குலத்துக்குள் என்றால் மைக்ரோ. விற்பனைக்கு வருவதோ சில மாதக் கன்று. அதன் மூன்று வயது உயரத்தை இன்றே எவராலும் அளக்க முடியாது. ஆகவே விவரம் தெரிந்தவர்கள் கன்றின் உயரத்தைக் கேட்பதில்லை. தாயையும் தகப்பனையும் நேரில் நிறுத்தி அளந்துவிட்டு, 'இவை குட்டையாக இருப்பதற்குக் காரணம் என்ன?' என்று கேட்கிறார்கள்.

இரண்டு வழிகள்

மாடு குட்டையாவதற்கு முதல் வழி பொறுமை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், ட்ராங்கி ஆய்வு நிலையத்தில் 1974-ல் ஆங்கஸ் மாடுகளில் இரண்டு வரிசைகளைத் தேர்ந்தெடுத்துப் பிரித்தார்கள். வேகமாக வளர்பவை ஒரு பக்கம், மெதுவாக வளர்பவை மறு பக்கம். அந்தந்த வரிசைக்குள்ளேயே இனச்சேர்க்கை. பதினைந்து ஆண்டுகளில் மெது வரிசை மற்றதைவிடச் சுமார் 30 சதவீதம் சிறியதாகிவிட்டது. அதுதான் இன்றைய லோலைன். கால், உடல், தலை எல்லாமே ஒரே விகிதத்தில் சிறுத்த மாடு. இதன் கன்றும் குட்டையாகவே பிறக்கும். கேரளத்தின் வெச்சூரும் இந்த வகையில் சேரும். அங்கே தேர்வு செய்தது தலைமுறை தலைமுறையாக மண்ணும் மனிதரும்.

இரண்டாம் வழி குறுக்குவழி. அயர்லாந்தின் டெக்ஸ்டர் இனத்தில் சில மாடுகளுக்குக் குறுத்தெலும்பு வளர்ச்சியைக் கெடுக்கும் ஒரு மரபணு மாற்றம் உண்டு. தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ அதன் ஒரு பிரதி வந்திருந்தால் கால் மட்டும் குட்டையாகும். உடம்பு அகலமாய், நிலத்தை ஒட்டி நிற்கும். படத்தில் பார்க்க அவ்வளவு அழகு! மினி ஹைலேண்ட் உருவாக்க டெக்ஸ்டரைக் கலந்தவர்கள் பலர். அந்தக் கலப்போடு இந்த மரபணுவும் சேர்ந்து வந்துவிடலாம்.

ஒன்று அழகு, இரண்டு?

ஹைலேண்ட் வளர்ப்பவர்களுக்கு ஒரு பிரதி, இரண்டு பிரதி என்ற கணக்கு புதிதல்ல. அவர்களது மாட்டின் நிறமே அப்படித்தான் அமைகிறது. நிறத்தை வெளிறச் செய்யும் மரபணு ஒன்று உண்டு. சிவப்பு மாட்டில் அதன் ஒரு பிரதி இருந்தால் மஞ்சள். இரண்டு இருந்தால் வெள்ளை. மஞ்சள் காளையையும் மஞ்சள் பசுவையும் சேர்த்தால் நான்கில் ஒரு பங்கு சிவப்பு, இரு பங்கு மஞ்சள், ஒரு பங்கு வெள்ளை. வெள்ளைக் கன்றுக்கு விலையும் கூடுதல்.

அதே கணக்கைக் குட்டைக்காலில் போட்டுப் பாருங்கள். குட்டைக்கால் காளையும் குட்டைக்கால் பசுவும் சேர்ந்தால் இரு பங்கு குட்டைக்கால், ஒரு பங்கு சாதாரணக் கால். மீதி ஒரு பங்குக்கு இரண்டு பிரதிகளும் வந்துவிடும். அதை 'புல்டாக் கன்று' என்கிறார்கள். பெரும்பாலும் ஏழாம் மாதத்துக்கு முன்பே கருச்சிதைவாகி விழும். புடைத்த மண்டை, உள்வாங்கிய மூக்கு, வெளியே துருத்திய நாக்கு, விரல் நீளம்கூடத் தேறாத கால்கள், பல நேரம் வயிறு திறந்து குடல் வெளியே. அது பிழைப்பதே இல்லை.

சந்தையில் 'ஜோடி' என்று விற்பதன் ஆபத்து இதுதான். இரண்டுமே மைக்ரோ, இரண்டுமே அழகு என்று ஆசைப்பட்டு வாங்குபவர், இரண்டுக்கும் இந்த மரபணு இருந்தால், நான்கில் ஒரு சினை வீணாகும் வாய்ப்பையும் சேர்த்து வாங்குகிறார். இந்தக் குட்டைக்காலை எத்தனை தலைமுறை வளர்த்தாலும் நிலையான குணமாக்கவும் முடியாது. இரண்டு பிரதி கிடைத்த கன்று உயிரோடு இருந்தால்தானே!

2007-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இந்த மரபணுவைக் கண்டுபிடித்த பிறகு சோதனை எளிதாகிவிட்டது. வால் முடி இருபது, முப்பதை வேரோடு பிடுங்கி உறையில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வகம் இதைச் செய்கிறது. பிரதி ஒன்று இருக்கிறது என்று வந்தால் மாட்டைக் கழித்துவிட வேண்டியதில்லை. அந்த மரபணு இல்லாத துணையோடு சேர்த்தால் புல்டாக் கன்று பிறக்காது. முடிவுத்தாளைக் காட்டத் தயங்கும் விற்பனையாளரிடம் மட்டும் பேரம் வேண்டாம்.

கிடாரி, காளை, கன்று

கிடாரி வாங்கும்போது அது தனிக் கன்றா, இரட்டையா என்று கேட்க வேண்டும். காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடாரிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் மலடு. ஹைலேண்ட் மெதுவாக முதிரும் இனம். இரண்டு வயது தாண்டிச் சினை பிடித்து, மூன்று வயதையொட்டி முதல் கன்று ஈனுவதே உடம்புக்கு நல்லது. சின்னப் பசுவுக்குப் பெரிய காளையைச் சேர்த்தால் ஈனும்போது கன்று சிக்கும். காளை எப்போதும் பசுவின் அளவிலோ அதற்குக் கீழோ இருக்கட்டும். காளைக்கன்றுகள் ஏழெட்டு மாதத்திலேயே சினைப்படுத்தும் தகுதி பெறலாம் என்பதால், அதற்குள் பால் மறக்கடித்துத் தனியாகப் பிரித்துவிடுவார்கள்.

புட்டிப்பால் கொடுத்து வளர்த்த காளைக்கன்று சாது என்று நினைத்துவிடக் கூடாது. மனிதரைத் தன் மந்தையில் ஒருவராக நினைத்து வளர்ந்த அது, இரண்டு வயதில் மனிதரோடுதான் பலம் பார்க்கும். குட்டை என்றாலும் அதற்கும் கொம்பு உண்டு.

சரி, புல்லை மேய ஒரு மாடு, பார்த்து மகிழ ஒரு மாடு, அவ்வளவுதான் தேவை என்பவருக்கு? மாடு தனியாக இருக்காது. இரண்டாகத்தான் வாங்க வேண்டும். ஆனால் காளையும் கிடாரியுமாக வாங்காமல், காயடித்த கன்றுகள் இரண்டை வாங்கலாம். அதே முடி, அதே அழகு, விலை குறைவு. இனப்பெருக்கம் கணக்குப் பார்ப்பவர்களின் வேலை. மரபணுச் சோதனைத் தாள் இல்லாமல் ஜோடி சேர்ப்பவருக்கு அந்தக் கணக்கைப் பசுதான் தீர்க்க வேண்டியிருக்கும்.

அடுத்த வாரம்: வெயில் ஊரில் இரட்டைக் கம்பளி. டெக்சாஸ் கோடையில் ஹைலேண்ட் என்ன செய்கிறது?

(தொடரும்)