'ஃபைல் எங்கேப்பா போச்சு?' - மவுஸைத் தொடாமலே ஃபோல்டரைத் திறக்கலாம்... ரெண்டு கீ போதும்!

வடமதுரையில் திண்டுக்கல் - திருச்சி ரோட்டுப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை. சாயங்காலம் நாலே முக்கால். காலேஜ் அப்ளிகேஷனுக்கு அன்னைக்குத்தான் கடைசி நாள், அஞ்சரைக்கு சைட்டை மூடிடுவாங்க. போனிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாத்தின போட்டோக்கள் மட்டும் நூத்துக்கும் மேல. எல்லாமே 'ஐ.எம்.ஜி' என்று தொடங்கி நீள நீளமான நம்பர். அதில் எது சாதிச் சான்றிதழ், எது மார்க் ஷீட், எது போன வாரம் சாப்பிட்ட பிரியாணி?

"தம்பி, எந்த ஃபோல்டர்ல இருக்கு?"

"தெரியலக்கா... போன்ல கேலரியில இருந்துச்சு."

இந்த பதிலில் அந்தப் பையன் மேல தப்பே இல்லை. போனிலேயே வளர்ந்தவங்களுக்கு ஃபைல் என்பது 'எங்கேயோ இருக்கும், தேடினா வரும்' சமாச்சாரம். கேலரி, வாட்ஸ்அப், டவுன்லோட்ஸ் எல்லாம் தனித்தனி ஆப். ஆனா கம்ப்யூட்டரில் உட்கார்ந்த உடனே ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு முகவரி வந்துடுது. காலேஜ் முதல் வருஷ லேபில் நிறைய பேர் முழிக்கிறது புரோகிராம் தெரியாமல் இல்லை. சேவ் பண்ணின புரோகிராம் எங்கே போச்சுனு தெரியாமல்தான்.

ஃபோல்டர் என்று சொன்னதும் ஃபைல்களைப் போட்டு வைக்கிற பெட்டி மாதிரி ஒரு படம் மனசில் வரும். நிஜத்தில் அது ஒரு பட்டியல். நோட்டின் முதல் பக்கத்தில் பொருளடக்கம் எழுதுவோமே, அது மாதிரி. 'இந்தப் பெயர், இந்த எண்' என்று வரிசையாக இருக்கும். அந்த எண்ணைப் பிடித்துப் போனால் டேட்டா டிஸ்க்கில் எங்கே கிடக்கிறது என்று தெரியும். அதனால்தான் 2 ஜி.பி. படத்துக்குப் பெயர் மாத்தினாலும் கண் இமைக்கிற நேரத்தில் முடியுது. படம் நகரவே இல்லை, பொருளடக்கத்தில் ஒரு வரி மாறுது. அவ்வளவுதான்.

சரி, அது வெறும் பட்டியல்தான் என்றால், அதை ஒரு டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து படிச்சா என்ன?

இந்த யோசனை 1970களிலேயே வந்துடுச்சு. ஸ்டான்ஃபோர்டு செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் ஸ்டான் குகெல் என்பவர் 'டைரெட்' என்று ஒரு புரோகிராம் எழுதினார். 'டைரக்டரி எடிட்டர்' என்பதன் சுருக்கம். அதே யோசனை பிறகு ஈமேக்ஸ் எடிட்டருக்குள் வந்து குடியேறியது. இன்னைக்கும் அங்கேயேதான் இருக்கு.

ஈமேக்ஸில் கன்ட்ரோல் கீயைப் பிடிச்சுக்கிட்டு எக்ஸ், பிறகு கையை எடுத்துட்டு டி. கீழே 'எந்த ஃபோல்டர்?' என்று கேட்கும். என்டர் தட்டினால் இப்போ இருக்கிற ஃபோல்டரின் பட்டியல் முழுத் திரையில் விரியும். ஏற்கெனவே ஒரு ஃபைலைத் திறந்து வச்சிருக்கீங்க, அது எந்த ஃபோல்டரில் இருக்குனு பார்க்கணுமா? கன்ட்ரோல் எக்ஸ், கன்ட்ரோல் ஜே. 2022-ல் வந்த 28-வது பதிப்பிலிருந்து இது தானாகவே வேலை செய்யும். நேரா அந்த ஃபோல்டருக்குப் போய், அந்த ஃபைலின் பெயர் மேலேயே கர்சரை நிறுத்தும். 'ஃபைல் எங்கே போச்சு' என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதிலை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

பட்டியல் திறந்ததும் ஒவ்வொரு எழுத்தும் ஒரு வேலைக்காரன். எம் தட்டினால் அந்த வரி தேர்வாகும். ஷிஃப்ட் ஆர், பெயர் மாற்ற. ஷிஃப்ட் சி, காப்பி எடுக்க. பிளஸ் குறி, புது ஃபோல்டர் உருவாக்க. கியூ, மூடிட்டுக் கிளம்ப. பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின மாவட்டத்துக்காரங்க நாம, 'கீ'-யைக் கையில் கொடுத்தா விடுவோமா என்ன?

உண்மையான வித்தை இனிமேதான். பட்டியல் திறந்திருக்கும்போது கன்ட்ரோல் எக்ஸ், கன்ட்ரோல் கியூ அடிங்க. அந்தப் பட்டியலே சாதாரணக் கட்டுரை மாதிரி ஆயிடும். ஃபைல் பெயர் மேல கர்சரை வச்சு அழிக்கலாம், திருப்பி எழுதலாம். நூறு ஃபைலிலும் 'ஐ.எம்.ஜி' என்பதை 'சான்றிதழ்' என்று மாத்தணுமா? கர்சரை மேலே கொண்டுபோய், ஆல்ட் கீயுடன் சதவிகிதக் குறி அடிச்சு, பழைய சொல், புதுச் சொல் ரெண்டையும் கொடுத்து, கடைசியில் ஆச்சரியக்குறி தட்டினால் மொத்தமும் மாறிடும். கன்ட்ரோல் சி ரெண்டு தடவை அடிச்சாத்தான் டிஸ்க்கில் எழுதும். மனசு மாறிட்டா கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் கே. எதுவுமே நடக்காத மாதிரி பழைய நிலைக்கு வந்துடும்.

தமிழிலேயே பெயர் வைக்கலாம். கன்ட்ரோலுடன் பின்சாய்வுக் குறி தட்டினால் எழுத்துமுறை கேட்கும். 'தமிழ்-ஃபோனெடிக்' என்று (ஆங்கில எழுத்தில்தான்) கொடுத்துட்டா, அம்மாவை அம்மானே எழுதலாம்.

இப்போ ஒரு எச்சரிக்கை. நான் பட்ட அடி இது. சின்ன டி தட்டினால் ஃபைல் உடனே போகாது, அழிக்கப்போறதா ஒரு அடையாளம் மட்டும் விழும். எக்ஸ் தட்டி, 'ஆமாம்' என்று சொன்ன பிறகுதான் போகும். யூ தட்டினால் அடையாளம் நீங்கிடும். இவ்வளவு பாதுகாப்பு இருந்தும், ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு வேற ஃபோல்டரில் நிற்கிறது தெரியாமல் 'ஆமாம்' சொல்லி, தங்கச்சி வளைகாப்பு போட்டோ மொத்தத்தையும் அழிச்சேன். ரீசைக்கிள் பின்னில் தேடினால் அங்கேயும் இல்லை. ஈமேக்ஸ் சொந்தமா விட்டா குப்பைத் தொட்டிக்கு அனுப்பாது, நேரா அழிச்சிடும். குப்பைக்கு அனுப்பச் சொல்லி செட்டிங்ஸில் மாத்த முடியும் என்பது எனக்கு மறுநாள்தான் தெரிஞ்சுது. தங்கச்சி ஒரு மாசம் பேசலை. அதனால எக்ஸ் தட்டும் முன்னாடி, திரையின் மேல் வரியில் எந்த ஃபோல்டர் என்று எழுதியிருக்கும், அதைப் படிங்க.

'ஈமேக்ஸ் நமக்கு ஆகாது பாஸ்' என்பவர்களுக்கு விம் இருக்கு. முக்காற்புள்ளி, அதாவது கோலன் குறி தட்டி 'ஈ, எக்ஸ்' என்று ரெண்டு எழுத்து அடிச்சு என்டர். ஃபோல்டர் பட்டியல் வந்துடும். மைனஸ் குறி தட்டினால் மேல் ஃபோல்டர். வி.எஸ். கோடு பயன்படுத்துறவங்க கன்ட்ரோல் ஷிஃப்ட் ஈ அடிச்சுப் பாருங்க. பக்கவாட்டில் பட்டியல் திறக்கும், எஃப் 2 தட்டினால் பெயர் மாத்தலாம். அழிச்சாலும் குப்பைத் தொட்டிக்குத்தான் போகும். ஃபைல் பெயர் அரைகுறையா ஞாபகம் இருந்தா கன்ட்ரோல் பி.

'என்கிட்ட லேப்டாப்பே இல்லையே' என்றால், ஆண்ட்ராய்டு போனே போதும். 'டெர்மக்ஸ்' என்ற இலவச ஆப்பை எஃப்-டிராய்டு தளத்திலிருந்து இறக்கினால் போனுக்குள்ள ஒரு குட்டி லினக்ஸ் கிடைக்கும். அதில் ஈமேக்ஸ், விம் ரெண்டையும் நிறுவலாம். போனில் கன்ட்ரோல் கீ ஏது? வால்யூமைக் குறைக்கிற பட்டன்தான் அங்கே கன்ட்ரோல்! 'டெர்மக்ஸ்-செட்டப்-ஸ்டோரேஜ்' என்ற கட்டளையை ஆங்கிலத்தில் அடிச்சு அனுமதி கொடுத்துட்டா, உங்க டவுன்லோட்ஸ் ஃபோல்டர் அப்படியே பட்டியலா வரும். எவ்வளவு 'குட் மார்னிங்' படம் சேர்ந்து கிடக்குனு அப்போதான் தெரியும்.

2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்களில் விண்டோஸோடு, சிடாக் உருவாக்கிய 'பாஸ் லினக்ஸ்' என்ற இன்னொரு சிஸ்டமும் இருந்தது. எங்க செட்டில் பலரும் அதைத் திறந்துகூடப் பார்க்கலை, படம் வைக்க இடம் வேணும்னு அழிச்சுட்டோம். யாராவது ஒருத்தர் அன்னைக்கே இந்த ரெண்டு கீயைக் காட்டியிருக்கலாம்.

ஜெராக்ஸ் கடைக்கு வருவோம். அக்கா கம்ப்யூட்டரில் வி.எஸ். கோடுதான் இருந்தது, அவங்க பையன் படிப்புக்காகப் போட்டது. கன்ட்ரோல் ஷிஃப்ட் ஈ அடிச்சு, அம்புக்குறியை இறக்கி ஒவ்வொண்ணா திறக்க, பக்கத்தில் படம் தெரிஞ்சுக்கிட்டே வந்தது. ஏழெட்டு பிரியாணி தாண்டி மார்க் ஷீட். இன்னும் கீழே சாதிச் சான்றிதழ். எஃப் 2 தட்டிப் பெயர் மாத்தி, அப்லோடு பண்ணி முடிக்கும்போது மணி அஞ்சு இருபத்திரண்டு.

"இன்னொரு தடவை அடிச்சுக் காட்டுக்கா" என்றான் பையன். அக்கா ஒரு பில் பேப்பரைக் கிழிச்சு மூணு கீயையும் எழுதி, ஒண்ணை அவன் கையில் கொடுத்துட்டு, இன்னொண்ணை மானிட்டர் ஓரத்தில் ஒட்டிக்கிட்டாங்க.